உதகையின் ஆடம் நீரூற்றும் நம் ஊர்க் குளமும்

உதகமண்டலத்திற்கு இன்பச் சுற்றுலா சென்று வந்தவர்களிடம் "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், தாவரவியல் பூங்கா, ஏரி, தொட்டபெட்டா சிகரம், மலை ரயில் என்று வரிசையாகச் சொல்வார்கள். "சேரிங் கிராஸில் இருக்கும் நீரூற்று?" என்று கேட்டால், "ஓ, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோமே!" என்பார்கள். அந்த நீரூற்றுக்கு ஆடம் நீரூற்று என்று பெயர். ஆடம் என்பவர் யார், அவருக்காக ஏன் ஒரு நீரூற்று எழுப்பினார்கள், அது எப்படிப் பொங்குகிறது, அங்கிருந்து தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

அவிநாசியில் வசிக்கும் நமக்கு உதகை ஒன்றும் தூரதேசம் அன்று. அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் அந்த மலைக்கும் நம் ஊருக்கும் இருக்கிற உண்மையான உறவு பஸ் பாதை அன்று, தண்ணீர்ப் பாதை. ஆடம் நீரூற்றின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் அந்த உறவும் நமக்கு விளங்கும்.

ஆடம் என்பவர் யார்?

வில்லியம் பாட்ரிக் ஆடம் 1823-ஆம் ஆண்டு பிறந்தவர். ஸ்காட்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கட்டடக் கலையில் உலகப் புகழ் பெற்ற ராபர்ட் ஆடம் தோன்றிய அதே குடும்பத்தின் வழிவந்தவர். இளமையில் பம்பாய் கவர்னரின் அந்தரங்கச் செயலாளராக இந்தியாவில் பணியாற்றினார். பின்பு இங்கிலாந்து திரும்பிப் பாராளுமன்ற உறுப்பினரானார். 1874 முதல் 1880 வரை லிபரல் கட்சியின் தலைமைக் கொறடாவாக இருந்தார். 1880 தேர்தலில் அக்கட்சி வெற்றி பெற்றது, கிளாட்ஸ்டன் பிரதமரானார். அதே ஆண்டு டிசம்பர் மாதம் ஆடம் சென்னை மாகாணத்தின் கவர்னராகப் பொறுப்பேற்றார்.

அவர் பொறுப்பேற்ற காலம் எப்படிப்பட்டது தெரியுமா? 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டி வதைத்தது. மழை பொய்த்ததால் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நம் கோயம்புத்தூர் ஜில்லாவும் அந்தப் பஞ்சத்திற்குத் தப்பவில்லை. ஆடமுக்கு முன் கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. பஞ்ச நிவாரண வேலையாகச் சென்னையில் ஒரு கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. அக்கால்வாய்க்கு அவர் பெயரையே சூட்டினார்கள். இன்றும் அது பக்கிங்காம் கால்வாய்தான். ஒரு கவர்னரின் பெயர் கால்வாயில் நிலைத்தது. அவருக்கு அடுத்து வந்தவரின் பெயர் நீரூற்றில் நிலைத்தது.

வெயில் காலத்தில் சென்னை மாகாண அரசாங்கமே உதகைக்குக் குடிபெயர்வது 1870-களில் வழக்கமாகிவிட்டிருந்தது. அவ்வாறு 1881-இல் உதகைக்கு வந்த ஆடம், மே மாதம் 24-ஆம் தேதி அங்கேயே காலமானார். அன்று விக்டோரியா மகாராணியின் பிறந்த நாள் என்பது குறிப்பிடத்தக்கது. ஆடமுக்கு அப்போது வயது 57. அவர் கவர்னராக இருந்தது ஐந்தே மாதங்கள். உதகை ஏரியின் அருகிலுள்ள புனித தோமா ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

ஐந்து மாதங்களில் ஒருவர் எவ்வளவு செய்துவிட முடியும்? பெரிய அணை கட்டவில்லை. புதிய சட்டம் எதற்கும் அவர் பெயர் இல்லை. ஆயினும் அவர் நினைவாக ஏதேனும் செய்ய வேண்டும் என்று பொதுமக்களிடமிருந்து நிதி திரட்டினார்கள். 1886-ஆம் ஆண்டு நீரூற்று எழும்பியது. அன்றைக்கு ரயில் மேட்டுப்பாளையம் வரைதான் வரும். அதுவும் 1873-இல் வந்தது. மலை ரயில் குன்னூருக்குப் போனது 1899-இல். உதகைக்குப் போனது 1908-இல். ஆகவே 1886-இல் உதகைக்குக் கனமான பொருள் எது போனாலும் மலைப் பாதையில் வண்டி கட்டித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

சிலை வைக்காமல் நீரூற்று ஏன்?

இறந்தவரின் நினைவாகச் சிலை வைப்பதுதானே வழக்கம், நீரூற்று எதற்கு என்று தோன்றலாம். இதற்கு விடை லண்டன் நகரத்தில் கிடைக்கிறது.

லண்டனில் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் காலரா நோய் அடிக்கடி பரவியது. 1854-இல் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பின் தண்ணீரைக் குடித்தவர்களுக்கே பெரும்பாலும் நோய் கண்டது என்பதை வரைபடம் போட்டுக் காட்டினார். நோயைப் பரப்புவது கெட்ட காற்று அன்று, கெட்ட தண்ணீரே என்பது அவர் கண்ட உண்மை. ஏழைகளுக்கு நல்ல தண்ணீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. 1859-இல் சாமுவேல் கர்னி என்பவரின் முயற்சியால் இலவசக் குடிநீர் ஊற்றுகளை அமைப்பதற்கென்றே லண்டனில் ஒரு சங்கம் தோன்றியது. தெரு முனைகளில் குடிநீர் ஊற்றுகள் எழுந்தன. அதன்பின் இறந்தவர்களின் நினைவாக ஊற்று அமைத்துக் கொடுப்பது ஆங்கிலேயரிடையே பரவலான வழக்கமாயிற்று. அவ்வழக்கம் அவர்கள் சென்ற இடமெல்லாம் சென்றது.

இது நமக்கு அந்நியமான எண்ணமா என்றால், இல்லவே இல்லை. நம் கொங்கு நாட்டுச் சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். நிறுத்திய இரண்டு கற்களின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி வைத்திருப்பார்கள். தலைச்சுமையுடன் நடந்து வருபவர், பிறர் உதவியின்றிச் சுமையை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறலாம். பிள்ளைப்பேறு காணாமலே கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது நம் முன்னோர் வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, ஊராரின் சுமையை இறக்க ஒரு கல்! கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதும் இத்தகைய தருமமே. நம் பகுதியில் தண்ணீர்ப்பந்தல் என்ற பெயரிலேயே ஊர்கள் இருக்கின்றன. லண்டன் சங்கத்தார் செய்ததையும் நம் பாட்டிமார் செய்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டின் உட்கருத்தும் ஒன்றே. இறந்தவரை நினைப்பதற்குச் சிறந்த வழி, இருப்பவருக்கு உதவுவது.

இடம் மாறிய நீரூற்று

ஆடம் நீரூற்று இன்று நிற்கும் இடத்தில் முதலில் நிற்கவில்லை. தொடக்கத்தில் அது மார்க்கெட் பகுதியில் இருந்தது. 1898-இல்தான் சேரிங் கிராஸுக்கு மாற்றினார்கள். அதன்பின் சாலைகள் கூடும் அவ்விடத்திற்கு அதுவே அடையாளமாகிவிட்டது. அடுக்கடுக்கான தொட்டிகளும் குழந்தை உருவங்களுமாக அது நிற்கும் அழகை எல்லோரும் அறிவோம்.

சேரிங் கிராஸ் என்ற பெயரும் லண்டனிலிருந்து வந்ததே. அப்பெயருக்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் மனைவி எலினார் 1290-இல் வெளியூரில் இறந்தார். அவரது உடலை லண்டனுக்குக் கொண்டுவந்தபோது இரவு தங்கிய பன்னிரண்டு இடங்களிலும் அரசர் ஒவ்வொரு நினைவுச் சிலுவை நாட்டினார். அவற்றுள் கடைசியானது சேரிங் என்ற சிற்றூரில் நின்றது. அதனால் அவ்விடம் சேரிங் கிராஸ் ஆயிற்று. அந்தப் பழைய சிலுவை 1647-இல் இடிக்கப்பட்டது. பெயர் மட்டும் அழியவில்லை.

எங்கோ வெளியூரில் இறந்த ஒருவரின் நினைவுச் சின்னத்தால் லண்டனில் ஒரு சந்திப்புக்குப் பெயர் வந்தது. அதே பெயர் கொண்ட உதகைச் சந்திப்புக்கு, வெளியூரில் இறந்த வேறொருவரின் நினைவுச் சின்னம் வந்து சேர்ந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

திட்டமிட்ட இடம் ஒன்று, நின்ற இடம் வேறொன்று என்பது நீரூற்றுகளுக்குப் புதிதல்ல. மும்பையின் புகழ்பெற்ற ஃப்ளோரா நீரூற்று பைகுல்லாவிலுள்ள விக்டோரியா தோட்டத்தில் வைப்பதற்காகத் திட்டமிடப்பட்டது. 1864-இல் அது எழுந்ததோ கோட்டைப் பகுதியில், பழைய சர்ச் கேட் வாயில் இருந்த இடத்தில். உரோமானியர்களின் மலர்த் தேவதை அதன் உச்சியில் நிற்கிறாள். தோட்டத்துக்குரிய தேவதை நாற்சந்தியில் நிற்பதற்குக் காரணம் இதுதான். பிற்காலத்தில் மகாராஷ்டிர மாநிலம் கோரிப் போராடி உயிர்நீத்தவர்களுக்கு அதனருகே நினைவுச் சின்னம் அமைந்தது. அந்தச் சதுக்கம் ஹுதாத்மா சௌக் என்று பெயர் பெற்றது. ஃப்ளோரா நீரூற்றில் பல காலம் தண்ணீர் வராமல் இருந்தது. பழைய குழாய்களைத் தேடிச் சீர்ப்படுத்திய பிறகு 2019-இல் மீண்டும் தண்ணீர் பாய்ந்தது. கல்லும் சிற்பமும் இருந்தால் போதாது, தண்ணீர் ஓடினால்தான் நீரூற்று என்பதை அது நினைவூட்டுகிறது.

நீரூற்று எப்படிப் பொங்குகிறது?

இன்றைய நீரூற்றுகளில் மின்சார பம்பு தொட்டித் தண்ணீரையே மறுபடி மறுபடி மேலே தள்ளுகிறது. 1886-இல் உதகையில் மின்சாரம் ஏது? அக்காலத்து நீரூற்றுகள் வேறு விதமாக இயங்கின.

நாம் ஒன்பதாம் வகுப்புப் பௌதிகப் பாடத்தில் படித்த திரவ அழுத்தமே இதற்கு அடிப்படை. உயரத்தில் ஒரு நீர்த்தேக்கம். அதிலிருந்து மூடிய குழாய். குழாயின் மறுமுனை தாழ்வான இடத்தில். தண்ணீர் தன் மட்டத்தைத் தேடும் இயல்புடையது. தேக்கத்தின் மட்டம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு மேலெழ முயலும். குழாயின் உராய்வும் காற்றின் தடையும் அதை முழு உயரத்துக்கு எழ விடுவதில்லை. பத்து மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் அழுத்தம் உண்டாகும். அந்த அழுத்தமே நீரைப் பொங்கச் செய்கிறது. எந்திரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். உயரம் ஒன்றே போதும்.

உதகையில் உயரத்திற்கா பஞ்சம்? நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். நகரத்திற்குத் தண்ணீர் தரும் மார்லிமந்து, டைகர் ஹில், தொட்டபெட்டா முதலிய தேக்கங்கள் சுற்றியுள்ள மலைச் சரிவுகளில் அமைந்துள்ளன.

இந்த உத்தியைத் திறம்படக் கையாண்டவர்கள் உரோமானியர்கள். உரோமை நகரின் திரேவி நீரூற்றைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் காலத்தில் நிக்கோலா சால்வி என்பவரின் திட்டப்படி 1732-இல் தொடங்கி 1762-இல் நிறைவுற்றது அது. ஆனால் அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய் கி.மு. 19-இல் அக்ரிப்பா என்பவர் கட்டியது. சுமார் 20 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி பூமிக்கடியிலேயே ஓடியது. அந்தக் கால்வாய்க்குக் 'கன்னி' என்று பொருள்படும் பெயர். தண்ணீர் தேடி அலைந்த போர்வீரர்களுக்கு ஒரு சிறுமி ஊற்றுக்கண் இருந்த இடத்தைக் காட்டினாள் என்றும், அவள் நினைவாகவே அப்பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். திரேவி நீரூற்றின் சிற்பங்களில் ஒன்று அச்சிறுமியைக் காட்டுகிறது. மக்கள் அந்நீரூற்றில் போடும் நாணயங்கள் கரித்தாஸ் அமைப்பின் வழியாக ஏழைகளுக்குப் போய்ச் சேர்கின்றன.

தோழியரே, இதிலிருந்து ஒன்று தெரிகிறதல்லவா? நாற்சந்தியில் நாம் காணும் நீரூற்று, நெடுந்தூரம் வந்த தண்ணீர் வெளிச்சத்திற்கு வரும் கடைசி முனை மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத பயணம்தான் அதன் பெரும்பகுதி. ஆகவே நீரூற்றைப் பார்க்கும்போது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று கேட்க வேண்டும்.

எங்கிருந்து வருகிறது?

நீலகிரி மலையின் உச்சியில் பனிக்கட்டி மலைகள் கிடையாது. ஆயினும் கோடையிலும் ஓடைகள் ஓடுவதைப் பார்க்கலாம். காரணம், சோலைக் காடுகளும் புல்வெளிகளும். பள்ளங்களில் குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த சோலை, மேடுகளில் புல்வெளி. மழை பெய்யும்போது இவை பஞ்சுபோல நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. பின்பு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுகின்றன. தோடர்கள் தங்கள் எருமைகளை மேய்த்தது அந்தப் புல்வெளிகளில்தான். மார்லிமந்து, கோடப்பமந்து என்ற பெயர்களிலுள்ள 'மந்து' என்பது தோடர்களின் குடியிருப்பைக் குறிக்கும். உதகமண்டலம் என்ற பெயரிலும் அதே 'மந்து' மறைந்திருக்கிறது.

1840-கள் முதல் விறகுக்காகத் தைல மரமும் சீகை மரமும் கொண்டுவந்து நட்டார்கள். பல இடங்களில் புல்வெளி மறைந்தது. சோலையும் புல்வெளியும் குறைந்தால் மழைநீர் தங்காமல் ஓடிவிடும். ஆக, உண்மையான நீர்த்தேக்கம் சிமெண்டால் கட்டியது அன்று; புல்லாலும் வேராலும் ஆனது.

எங்கே போகிறது?

இனிதான் நம் ஊர்க் கதை. உதகை ஏரி இயற்கையாக உண்டானதன்று. நம் கோயம்புத்தூர் ஜில்லா கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823 முதல் 1825 வரை ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி அமைத்தது. நகரின் நடுவே ஓடும் கோடப்பமந்து ஓடை இந்த ஏரியில் கலக்கிறது. ஏரி நிரம்பி வழியும் நீர் சாண்டிநல்லா ஓடையாகிக் காமராஜ் சாகர் அணையை அடைகிறது. அங்கிருந்து வழியும் நீர் சீகூர்ப் பள்ளத்தாக்கில் இறங்கி மாயாற்றில் சேர்கிறது. மாயாறு 1955-இல் கட்டி முடித்த பவானிசாகர் அணைக்கு வருகிறது. அணையைத் தாண்டிய பவானி ஆறு, பவானி நகருக்கு அருகே காளிங்கராயன் அணைக்கட்டைத் தொடுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் காளிங்கராயன் கட்டிய அந்த அணைக்கட்டு இன்றும் பயிர்களுக்கு உயிர் தருகிறது.

அந்த அணைக்கட்டுக்குக் கீழே மழைக்காலத்தில் உபரியாகப் போகும் நீரைத்தான் இப்போது குழாய் மூலம் நம் ஊர்ப் பக்கம் கொண்டுவருகிறார்கள். அதுவே அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். உதகைச் சதுக்கத்தைச் சுற்றிப் பெய்யும் மழையில் ஒரு துளி, மலையைச் சுற்றி இறங்கி, காடு கடந்து, இரண்டு அணை தாண்டி, நம் அவிநாசி வட்டாரக் குளத்திற்கு வந்து சேர வழி இருக்கிறது!

அவிநாசியின் தாகம்

நம் பகுதி மழை மறைவுப் பிரதேசம். நல்லாறும் கௌசிகா நதியும் மழை பெய்தால்தான் ஓடும். எங்கள் அப்பாரு சிறு வயதில் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்ததைச் சொல்வார். முப்பது அடியில் தண்ணீர் கிடந்ததாம். பிறகு கிணற்றை ஆழப்படுத்தினார்கள். பிறகு கிணற்றுக்குள்ளேயே போர் போட்டார்கள். இன்று எங்கள் தோட்டத்து ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது. கிணறு எதற்கு என்று கேட்கும் என் தம்பிக்கு அது வெறும் பள்ளம்.

இதிலும் நீலகிரியின் பங்கு உண்டு என்பது வியப்பானது. 1932-இல் பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியது. மலையிலிருந்து விழும் தண்ணீரின் விசை மின்சாரமாகிக் கோயம்புத்தூர்ப் பகுதிக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின, தோட்டங்களில் மின்சார மோட்டார்கள் வந்தன. மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. கிணறுகளுக்கோ ஓய்வில்லாமல் போயிற்று. பின்னர்த் திருப்பூரில் பனியன் தொழில் வளர்ந்து நம்மில் பலர் வீட்டுக்குச் சோறு போட்டது. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத முறைக்கு மாறியவையே மீண்டும் இயங்க முடிந்தது. தண்ணீர் வாழவும் வைக்கும்; அதை மறந்தால் வருத்தவும் செய்யும்.

அவிநாசிக்குப் பவானித் தண்ணீர் வேண்டும் என்ற கோரிக்கை அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. தொடக்கத்தில் பவானி ஆற்றின் மேற்பகுதியில் அத்திக்கடவு என்ற இடத்திலிருந்து கால்வாய் வெட்ட எண்ணியிருந்தார்கள். அதனால்தான் இப்பெயர். உண்ணாவிரதம், ஊர்வலம், கடையடைப்பு என்று பல தலைமுறையினர் பாடுபட்டார்கள். இறுதியில் 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. திட்டச் செலவு 1,916 கோடி ரூபாய்க்கு மேல். ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குத் தண்ணீர் விடுவது நோக்கம். இதற்கென ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. நீர் ஒதுக்கியுள்ளார்கள். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டர்க் கணக்கில் ஒன்றரை டி.எம்.சி. சுமார் 4,248 கோடி லிட்டர் ஆகும்.

ஆடம் நீரூற்றுக்கும் இந்தத் திட்டத்திற்கும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. அன்றைய நீரூற்றுக்கு மலை உயரமே விசையைத் தந்தது. நமக்கோ தண்ணீர் தாழ்வான இடத்திலிருந்து மேட்டுக்கு ஏறி வர வேண்டும். ஆகவே பவானி முதல் அன்னூர் வரை ஆறு நீரேற்று நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீரை மேலே தள்ளுகின்றன. மலையிலிருந்து தானாக இறங்கி வந்த தண்ணீரை, மின்சாரம் செலவழித்து மறுபடி மேலே ஏற்றுகிறோம். ஒவ்வொரு குடத்திற்கும் விலை கொடுத்திருக்கிறோம் என்பதை மறக்கலாகாது.

நாம் செய்ய வேண்டியது

ஆடம் துரையை இன்று யாருக்கும் தெரியாது. ஐந்து மாதக் கவர்னரை உலகம் மறந்ததில் வியப்பில்லை. ஆயினும் அவர் பெயர் நாள்தோறும் ஆயிரம் வாய்களில் ஒலிக்கிறது. பதவியால் கிடைத்த புகழா அது? இல்லை, தண்ணீரால் கிடைத்தது. பக்கிங்காம் பிரபுவுக்கும் அவ்வாறே. காளிங்கராயனுக்கோ எழுநூறு ஆண்டுகள் கடந்தும் குறையாத புகழ். தண்ணீரோடு சேர்ந்த பெயர் நிலைக்கிறது. இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தண்ணீர் வற்றிய நீரூற்றில் எழுதிய பெயரை நின்று படிப்பவர் யார்?

நம் குளங்களுக்கு இப்போதுதான் தண்ணீர் வரத் தொடங்கியிருக்கிறது. வருகிற தண்ணீர் தங்குமா என்பது நம் கையில் இருக்கிறது. குளத்தில் குப்பை கொட்டாமலிருப்பது, வரத்து வாய்க்காலை அடைக்காமலிருப்பது, வீட்டுக் கூரையின் மழைநீரைச் சேமிப்பது ஆகியவை மாணவியராகிய நாமும் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லக்கூடியவையே. உதகைக்குச் சுற்றுலா செல்லும்போதும் இதை நினைவில் வைப்போம். அங்கே ஓடையில் நாம் எறியும் பிளாஸ்டிக் பை, நாம் ஊர் திரும்பிய பிறகு நம்மைத் தேடி அதே தண்ணீர்ப் பாதையில் வரலாம். கோடப்பமந்து ஓடை நகரத்தின் கழிவைச் சுமந்துகொண்டு ஏரிக்குப் போவதை இப்போதே பலர் கவலையோடு சுட்டிக்காட்டுகிறார்கள்.

அடுத்த முறை சேரிங் கிராஸில் நிற்கும்போது, போட்டோ எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடாமல் ஒரு நிமிடம் அந்தத் தண்ணீரை உற்றுப் பாருங்கள். அதற்கு மேலே ஒரு சோலை இருக்கிறது. கீழே நம் குளம் இருக்கிறது. மேலே இருப்பதைக் காக்கும்படி மலையில் வாழ்வோரைக் கேட்டுக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. கீழே இருப்பதைக் காக்கும் கடமையும் நமக்கே உண்டு.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி